பல்லவி மட்டும் ஏன் இறங்க மறுக்கிறது?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் காலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குப் பாதிக் களைப்பு இல்லை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றிலிருந்து எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். இறங்கும்போது 20-இல் தொடங்கிக் கரைந்துகொண்டே வரும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, 9-ஆம் வளைவைத் தாண்டியபோது எண்பதுகளில் வந்த ஒரு சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. பல்லவி வந்தது, இடையில் புல்லாங்குழல் வந்தது, சரணத்தில் ஒன்றரை வரி வந்தது. அத்தோடு அறுந்து வேறொரு பாட்டு குதித்தது. டிரைவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, தாண்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். பல்லவி மட்டும் இறங்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. பில்களைத் தேதிவாரியாக அடுக்கும்போது அந்தப் பல்லவி. டம்ளரைக் கழுவும்போது அந்தப் பல்லவி. மத்தியானம் முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "என்னம்மா, இன்னிக்குக் கணக்கெல்லாம் ராகத்தோட வருது?" என்று கேட்ட பிறகுதான், உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வாய் வரைக்கும் வந்துவிட்டது என்று தெரிந்தது.

இந்தத் தொல்லைக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'ஓர்வுர்ம்'. காதுப் புழு என்று பொருள். ஆங்கிலம் அதை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் கௌரவமாக, 'தானாக எழும் இசை நினைவு' என்கிற பொருளில் நீளமான பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நம்மிடம் புழுவும் இல்லை, நீளப் பெயரும் இல்லை. ஆனால் சொன்னதையே சொல்கிறவனைப் பார்த்து 'பழைய பல்லவியையே பாடுகிறான்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. விஷயத்தின் மையம் அதில் வந்துவிட்டது என்பது என் கட்சி. தலைக்குள் சுற்றுவது பெரும்பாலும் பல்லவிதான். சரணம் சுற்றி யாரும் தூக்கம் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

புதிய வியாதியும் இல்லை இது. 1876-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இதை வைத்து ஒரு வேடிக்கைக் கதை எழுதினார். டிராம் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவதைப் பற்றிய ஒரு துணுக்குப் பாட்டு ஒருவரைப் பிடித்துக்கொள்கிறது. நண்பரான பாதிரியாரிடம் அதை ஒப்பித்த பிறகுதான் அவருக்கு விடுதலை. அன்றிலிருந்து பாதிரியாருக்குச் சனி. கண்டக்டரும் டிக்கெட்டும் அந்தக் காலத்திலேயே இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

எத்தனை பேருக்கு இது வருகிறது? பின்லாந்தில் லாசி லீக்கனென் என்ற ஆய்வாளர் 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இணையம் வழியாகக் கேட்டார். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், பத்துக்கு ஒன்பது பேர் வாரம் ஒருமுறையாவது இப்படிப் பாட்டு சுற்றுகிறது என்றார்கள். சுற்றுவது முழுப் பாட்டு இல்லை. சில விநாடிகளிலிருந்து அரை நிமிடம் வரை உள்ள ஒரு துண்டு. பலருக்கு அது பிடித்த பாட்டாகவே இருக்கிறது. பிடித்தது சுற்றினால் நாம் கவனிப்பதில்லை, முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்க்கிறோம். பிடிக்காதது சுற்றினால்தான் புகார்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டு மலைப்பாதை ஒரு நல்ல சோதனைச்சாலை. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. ஹாரன் அடித்தே ஆக வேண்டும். அடிக்கிற இரண்டு மூன்று விநாடிகளுக்கு பஸ்ஸில் பாட்டு காணாமல் போய்விடும். தெரியாத பாட்டாக இருந்தால் அந்த இடம் வெறும் ஹாரன்தான். தெரிந்த பாட்டாக இருந்தால் கதையே வேறு. ஹாரன் ஓயும்போது நாம் சரியாக அதே சொல்லில், அதே தாளத்தில் பாட்டோடு சேர்ந்து நிற்போம். நடுவில் இருந்த பள்ளத்தை மூளை தானே நிரப்பிவிட்டது.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் இதையேதான் ஸ்கேன் கருவிக்குள் செய்து பார்த்தார்கள். முடிவு 2005-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பாட்டை ஓடவிட்டு நடுவில் இரண்டு முதல் ஐந்து விநாடி வரை சத்தத்தை வெட்டினார்கள். தெரிந்த பாட்டாக இருந்தபோது, ஒலியே இல்லாத அந்த இடைவெளியிலும் மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி வேலை செய்துகொண்டிருந்தது. நிரப்பச் சொல்லி, பாட்டைக் கேட்டவர்களிடம் யாரும் சொல்லவில்லை. தலைக்குள் பாட்டு சுற்றுவது என்பது, ஹாரன் ஓய்ந்த பிறகும் பஸ்ஸில் பாட்டு திரும்பி வராமல், நிரப்புகிற வேலை மட்டும் நிற்காமல் ஓடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த உள்பாட்டு ஏனோதானோ என்றும் ஓடுவதில்லை. 1996-இல் டேனியல் லெவிட்டினும் பெரி குக்கும் ஆட்களை அழைத்து, மனசில் இருக்கும் பாட்டை எந்த வழிகாட்டலும் இல்லாமல் பாடச் சொன்னார்கள். பெரும்பாலான முயற்சிகளில் வேகம் மூலப் பாட்டின் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை. ராகம் தெரியாது, தாளம் தெரியாது என்று சொல்லிக்கொள்கிற நம்மிடமும் ஒரு துல்லியமான பதிவு இருக்கிறது.

பதிவு இருப்பது சரி, அதை ஓட்டுவது யார்? கூட்டல் போடும்போதுதான் இது எனக்குப் பிடிபட்டது. கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆனாலும், சிட்டையில் இருப்பதைக் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்தால்தான் எங்கள் முதலாளிக்குத் திருப்தி. 'ஏழும் எட்டும் பதினஞ்சு, அஞ்சு போட்டு மிச்சம் ஒண்ணு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். அப்படிச் சொல்கிற வரைக்கும் பல்லவி வாயைத் திறக்காது. பக்கம் முடிந்து, மொத்தத்தை எழுதி, அடிக்கோடு போட ஸ்கேலை எடுத்தேனோ இல்லையோ, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிடும்.

ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இருவர் 1974-இல் நம் தற்காலிக நினைவுக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். அதில் ஒரு பகுதி, ஒலியைச் சில விநாடிகள் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டும் வளையம். யாராவது போன் நம்பர் சொன்னால், எழுத பேனா தேடும் வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அந்த இடம். அதில் கேட்கிற பாதி, சொல்கிற பாதி என்று இரண்டு உண்டு. சொல்கிற பாதி, சத்தம் வராமல் வாயை ஆட்டுவது போன்றது. எண்ணும் பல்லவியும் ஒரே வாயைக் கேட்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

வாய்தான் காரணம் என்றால், வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீமனும் கூட்டாளிகளும் 2015-இல் இதைச் சோதித்தார்கள். ஒட்டிக்கொள்ளும் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு, சிலருக்குச் சூயிங்கம் கொடுத்தார்கள். மென்றவர்களுக்கு அந்தப் பாட்டு குறைவாகவே நினைவுக்கு வந்தது. அது வெறும் கவனச்சிதறல் இல்லை என்று காட்ட, இன்னும் சிலரை விரலால் தட்டிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். தட்டியதற்கு மென்ற அளவு பலன் இல்லை. தாடையும் நாக்கும் அசைய வேண்டியிருக்கிறது. எங்கள் பாட்டி நாள் முழுக்க வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் எதையும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். பாட்டிக்குப் பாட்டே பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

நான் சூயிங்கம் வாங்கவில்லை. சாயந்திரம் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் பீட்ரூட், கேரட் துருவலும் வைத்து ஒரே வாயில் தள்ளும் அந்த வித்தையில், மெல்லுகிற நேரம் முழுக்கப் பாட்டு இல்லை என்பது உண்மை. ஒரு தட்டு எத்தனை நேரம் தாங்கும்?

மனசு எவ்வளவு வேலையாக இருக்கிறது என்பதும் கணக்கில் உண்டு. அமெரிக்காவில் ஐரா ஹைமன் என்பவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டு கேட்டவர்களுக்குச் சுடோகு மாதிரிப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார். புதிர் ரொம்ப எளிதாக இருந்தாலும் பாட்டு வந்தது, தலையைப் பிய்த்துக்கொள்கிற மாதிரி கடினமாக இருந்தாலும் வந்தது. எளிதானதில் மனசுக்கு மிச்ச இடம் இருக்கிறது. கடினமானதில் மனசு கையை விரித்துவிட்டு வெளியே போய்விடுகிறது. நடுத்தரமான வேலைதான் பாட்டை அண்டவிடாமல் வைத்திருந்தது.

அம்மாபேட்டையில் தறி ஓட்டிய என் பெரியம்மாவுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். குழித்தறியில் கால் மாற்றி மாற்றி மிதிக்க, நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வர, அந்தத் தாளத்துக்கு எந்தப் பாட்டு பொருந்துகிறதோ அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார். பாவில் ஓர் இழை அறுந்தால் பாட்டும் அறும். குனிந்து, அறுந்த முனையைத் தேடி, முடிச்சுப் போடுகிற வரை அமைதி. மறுபடி மிதித்ததும் பழைய இடத்திலிருந்து பாட்டு. "தறிக்கும் பாட்டுக்கும் ஒரே இழைதான் சாமி" என்பார். கரை போடும் நாளில், எண்ணி எண்ணி நெய்ய வேண்டிய இடத்தில், பாட்டு எட்டிக்கூடப் பார்க்காதாம்.

சரி, எந்தப் பாட்டு ஒட்டுகிறது? கெல்லி ஜாகுபோவ்ஸ்கி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 3,000 பேரிடம் கேட்டு, அதிகம் பேர் சொன்ன 100 பாட்டுகளை எடுத்து, அதே அளவு பிரபலமாக இருந்தும் யாரும் சொல்லாத 100 பாட்டுகளோடு ஒப்பிட்டார்கள். ஒட்டிய பாட்டுகள் சற்று வேகமானவை. மெட்டு ஏறி இறங்கும் விதம் காதுக்குப் பழகிய வடிவத்தில் இருந்தது. கூடவே, எதிர்பாராத ஒரு தாவலோ வழக்கத்தைவிட அதிகமான திரும்பச் சொல்லலோ இருந்தது. பழகின தெருவில் புதிதாக ஒரு வேகத்தடை என்று சொல்லலாம். அவர்கள் எடுத்தது மேற்கத்திய பாப் பாட்டுகளை. அதை அப்படியே நம் பாட்டுக்குப் பொருத்திச் சட்டம் பேச எனக்கு மனமில்லை. நம் பாட்டு வேறு மாதிரி கட்டப்பட்டது.

அந்தக் கட்டுமானம்தான் எனக்குச் சுவாரசியம். சினிமாப் பாட்டில் பல்லவி ஒருமுறை வந்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு சரணமும் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பல்லவியின் வாசலுக்கே வந்து நிற்கும். சரணத்தின் கடைசிச் சொல் பல்லவியின் முதல் சொல்லைக் கைபிடித்துக் கூப்பிடுகிற மாதிரி எழுதுவார்கள். மூன்று நிமிஷத்தில் பல்லவி நாலைந்து தடவை வரும். சரணம் ஒவ்வொன்றும் ஒரே தடவை. நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. மனசு பல்லவியைப் பாடி முடித்து சரணத்துக்குள் நுழைந்தால், ஒன்றரை வரிக்கு மேல் சொல் கிடைக்காது. முட்டிக்கொண்டு திரும்பி வரும். திரும்பி வரத் தெரிந்த ஒரே இடம் பல்லவி. மறுபடி ஆரம்பம். வெளியேறும் வழி சரணத்தில் இருக்கிறது, அதற்கு நம்மிடம் சாவி இல்லை.

சினிமாவுக்கு முன்னாலேயே நமக்கு இந்த வித்தை தெரியும். எதுகையும் மோனையும் எதற்கு? ஏடு கையில் இல்லாதபோதும் அடுத்த அடி தானாக நாக்கில் வரத்தான். இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். 'உதிக்கின்ற செங்கதிர்' என்று தொடங்கும் அபிராமி அந்தாதி, நூறாவது பாட்டில் 'உதிக்கின்றனவே' என்று முடியும். நூறு பாட்டு நடந்து, புறப்பட்ட வாசலுக்கே வந்துவிடுகிறோம். முடித்தவருக்கு முதல் பாட்டு தானாக நினைவுக்கு வரும். இலக்கணக்காரர்கள் இப்படி முடிவதை மண்டலித்தல் என்றார்கள். வட்டத்தை விரும்பிப் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். நமக்கு அது விபத்தாக வருகிறது.

மலை இறங்கி ஊருக்குள் வரும் பாதையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு நிற்கிறது. 1930-களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956-இல் தந்தது. ஸ்டுடியோ போய்விட்டது, முகப்பு மட்டும் மிச்சம். தினமும் பஸ்ஸிலிருந்து அதைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது பாட்டுப் புத்தகம். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்பார்கள். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டு இருந்தது. மெல்லிய காகிதம், முன்பக்கம் நடிகர் படம், உள்ளே எல்லாப் பாட்டும் முழுசாக, சரணத்தோடு. கூடவே கதைச் சுருக்கமும் இருக்கும். கதை சூடுபிடிக்கிற இடத்தில், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் புத்தகம் கெட்டிக்கார வேலை. கதையைப் பாதியில் வெட்டி மனசில் கொக்கி போட்டது. பாட்டை முழுசாகக் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் பாட வைத்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். போனைத் திறந்தால் ரீல்ஸில் பதினைந்து முப்பது விநாடிப் பல்லவித் துண்டு. அது முடிந்ததும் தானே மறுபடி ஆரம்பிக்கும். தலைக்குள் சுற்றும் துண்டும் கிட்டத்தட்ட அதே நீளம். முன்பு மனசு தானே உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்த துண்டை, இப்போது வெட்டி, தோல் உரித்து, தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். என் அக்கா பெண்ணுக்கு நூறு பாட்டு தெரியும். ஒன்றுக்கும் சரணம் தெரியாது.

பாதியில் விட்டது மனசை அரிக்கும் என்பதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: செய்கார்னிக் விளைவு. புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, சிலவற்றை முடிக்கவிட்டு, சிலவற்றை நடுவில் நிறுத்தினார். நிறுத்தப்பட்டவைதான் அதிகம் நினைவில் நின்றன. பில் தீர்க்கும் வரை யார் என்ன சாப்பிட்டார் என்று துல்லியமாகச் சொல்லும் ஓட்டல் சர்வர், காசு வாங்கிய மறுநிமிஷம் மறந்துவிடுகிறார் என்பது இதோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை. பாட்டையும் இதோடு முடிச்சுப் போடுவது வழக்கம். ஆனால் அறுந்த பாட்டு மட்டும்தான் ஒட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆடி மாதம் சேலத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

கோட்டை மாரியம்மன் கோவிலில் தொடங்கி, குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊர் முழுக்க மாரியம்மன் பண்டிகை. கம்பத்துக்குக் கம்பம் குழாய். விடிகாலை ஐந்து மணிக்கு மைக் செட்காரர் போடும் அம்மன் பாட்டு, நம் குளியல், சமையல், பஸ் எல்லாவற்றிலும் கூடவே வரும். எதுவும் பாதியில் அறுவதில்லை. முழுசாக, பலமுறை ஓடுகிறது. அப்படியும் ஒட்டுகிறது. அண்மையில் கேட்டதும், அடிக்கடி கேட்டதும்தான் இதில் முதல் காரணம். எங்கள் மாமா ஒருவர் சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர். ஆடி 18 முடிந்து இரண்டு வாரம் வரை, ஷேவ் செய்யும்போது அவர் வாயில் விசிலாக வருவது மாரியம்மன் தாலாட்டு. "மாமா, என்ன இது?" என்றால், "மெட்டு அம்மனுது இல்லடா, நாட்டுப்புறத்துது" என்பார். காதுக்குக் கொள்கை கிடையாது.

சில நேரம் பாட்டைக் கேட்கவே வேண்டாம். ஒரு சொல், ஒரு வாசனை, ஒரு இடம் போதும். ஏற்காட்டில் காப்பி 1820-களிலிருந்து இருக்கிறது; சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. கோடை மழை விழுந்து சில நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி ஒரு மணம். அந்த மணம் வந்தால் எனக்கு ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்துவிடும். பள்ளி விடுமுறையில், யாரோ தோட்ட வேலைக்காரர் டிரான்சிஸ்டரில் கேட்டது. பாட்டு வந்தால் அந்த டிரான்சிஸ்டரின் தோல் உறையும் வரும். கலிபோர்னியாவில் பெஞ்சமின் கூபிட், பீட்டர் ஜனாட்டா இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுப் போகிறது. புதிய மெட்டுகளைப் படத் துணுக்குகளோடு சேர்த்துக் காட்டி, சில வாரங்களில் மெட்டு மனசில் எவ்வளவு சுற்றியது என்று பார்த்தார்கள். அதிகம் சுற்றியவர்களுக்கு, அந்த மெட்டோடு சேர்ந்த காட்சியின் விவரங்களும் நன்றாக நினைவிருந்தன. பாட்டு சும்மா சுற்றுவதில்லை, போகிற போக்கில் பழையதைத் தட்டித் தூசி எடுத்து வைக்கிறது போலும்.

ராத்திரிக்கு வருவோம். தூங்க உதவும் என்று சொல்லி இயர்போன் மாட்டிக்கொள்கிறவர்கள் பலர். 'பாட்டு வேண்டாம், வெறும் இசை போதும், சொல் இருந்தால்தானே மனசு அலையும்' என்று நானும் நம்பியிருந்தேன். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழு 2021-இல் சொன்னது எதிர்மாறு. பிரபலமான பாட்டுகளின் சொல் இல்லாத வடிவத்தைப் படுக்குமுன் கேட்டவர்களுக்குத்தான் பாட்டு அதிகம் ஒட்டியது, தூக்கமும் அதிகம் கெட்டது.

கொஞ்சம் நிதானித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டை எடுக்கும்போது பந்தியைப் பாருங்கள். சாம்பார் ஊற்றுகிறவர் முதல் மொய் எழுதுகிறவர் வரை உதடு அசையும். சொல் இல்லாத இடத்தில் சொல்லைப் போடுவது நம் வேலையாகிவிடுகிறது. டார்ட்மவுத் ஆய்விலும், சொல் இல்லாத இசையை வெட்டியபோதுதான் மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி இன்னும் ஆழம் வரை வேலை செய்தது. ஹாரன் உண்டாக்கிய பள்ளத்தைவிடப் பெரிய பள்ளம் இது. பாட்டு முழுக்க நீளமானது.

விரட்டுவது எப்படி என்று கேட்டால், விரட்டாமல் இருப்பதுதான் முதல் படி. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்தார் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர். 1987-இல் வந்த ஆய்வு. கரடி வந்துகொண்டே இருந்தது. நமக்குக் கரடி தேவையில்லை, 'மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே' என்று வைத்தியர் சொன்ன கதை இருக்கிறது. ஏற்காட்டுப் பாதையில் அந்த வைத்தியர் பாடு திண்டாட்டம்தான். வளைவுக்கு வளைவு தடுப்புச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிலர் வேறு பாட்டை வைத்து இதை நகர்த்துகிறார்கள். பிரிட்டனில் இதுபற்றிக் கேட்டபோது, அதிகம் பேர் சொன்ன மாற்றுப் பாட்டு அவர்கள் நாட்டுத் தேசிய கீதம். காரணம் புரிகிறது: மெதுவானது, முழுசாகத் தெரியும், முடியும் இடம் தெளிவானது. முள்ளை முள்ளால் எடுக்கலாம். எடுத்த முள் குத்தாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனக்குப் பலித்தது, பாட்டைத் தேடி எடுத்து முதலிலிருந்து கடைசி வரை, சரணத்தின் சொற்களைக் கவனித்துக் கேட்டது. இரண்டு முறை கேட்டு, இரண்டாவது சரணத்தில் இத்தனை வருஷமாகத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு சொல்லையும் திருத்திக்கொண்டேன். வியாழக்கிழமைக்குள் போய்விட்டது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னது உள்ளே ஓடுகிறது என்று நமக்கே தெரிகிற பாட்டு. பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோ போட்டிருக்கிறார்கள், அணைக்கச் சொல்லுங்கள் என்று ஒருவர் சொல்லி, அங்கே ரேடியோவே இல்லை என்றால் அது வேறு. காது மந்தமான வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு. பைத்தியம் என்று பயந்து மூடி மறைக்காமல் காது மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அதேபோல, பாட்டு வாரக்கணக்கில் விடாமல் சுற்றி, வேலையும் தூக்கமும் நிற்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரிடம் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் அதே பஸ். அதே கண்டக்டர். 9-ஆம் வளைவு தாண்டியதும் அதே பாட்டு. புல்லாங்குழல் முடிந்து சரணம் ஆரம்பித்தது, ஒன்றரை வரி, அறுந்தது. அதே இடம். அடுத்த பாட்டு குதித்துவிட்டது. ஆனால் எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர், கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரலை நிறுத்தவில்லை. புதுப் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத தாளத்தில், பழைய பாட்டை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனார்.

டிக்கெட் பையோடு கண்டக்டர் பக்கத்தில் வந்தபோது கேட்டேன். "ஏன் தம்பி, அந்தப் பாட்டைப் பாதியிலேயே மாத்திடறீங்களே, டிரைவருக்குப் பிடிக்காதா?"

"யாருங்க்கா மாத்தறது? பென் டிரைவ்ல அது அவ்வளவுதாங்க இருக்குது. காப்பி பண்ணும்போதே அறுந்துடுச்சு. ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமாங்க்கா. வீட்டுக்குப் போனாலும் அதேதான் ஓடிட்டுக் கெடக்குது." சில்லறையை எண்ணிக்கொண்டே கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து, முன்சீட்டுப் பெரியவர் காதில் விழாத குரலில், "மீதி எப்படிங்க்கா போகும்?" என்றார்.

அடிவாரத்துக்கு இன்னும் நாலு வளைவு இருந்தது.